மானமும் மாத வருவாயும்



பழனிக்கு அருகே, கரும்பு விளையும் சமவெளியில் அமைந்துள்ளது நெய்க்காரப்பட்டி. கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஆக்குவது அவ்வட்டாரத்தின் பழந்தொழில். இத்தகைய ஊர்களில் ஒருவருடைய வரவு செலவு ஊராருக்கு மறைவதில்லை. திருமண வீட்டில் யார் எவ்வளவு மொய் எழுதினார் என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. அடுத்த தலைமுறையும் அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கிறது. உழைத்த நாளில் ஐந்நூறு ரூபாய் எழுதியவர், உழைப்பு ஓய்ந்தபின் நூறு ரூபாய் எழுதக் கூசுகிறார். வருவாய் குறைந்துவிட்டது, ஆனால் ஊரார்முன் நிற்கவேண்டிய நிலை குறையவில்லை. முதிய தம்பதியரின் பணத் துன்பம் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன.

அத்துன்பத்தை அவர்கள் ஒருவருக்கொருவர் மறைப்பது இன்னும் கொடியது. கைமாற்று வாங்கியதைக் கணவர் மனைவியிடம் சொல்வதில்லை. இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டதை மனைவி கணவரிடம் சொல்வதில்லை. வெளியூரிலுள்ள மகன் கேட்டால், "எங்களுக்கு என்னப்பா குறை?" என்று இருவரும் ஒன்றுபோலவே விடையளிக்கின்றனர்.

மானம் வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. திருக்குறளில் மானத்துக்கென 97 ஆம் அதிகாரமும், இரத்தலுக்கு அஞ்சும் பண்பைப் பேச 107 ஆம் அதிகாரமும் உள்ளன. ஆனால், இரப்பது வேறு. தமக்கு உரியதைப் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே முதியோர் பலரை வருத்துகிறது.

நம் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக உரைத்துள்ளது. நகரா என்பவர் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, செய்த பணியால் விளைந்த உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. அந்நாளே இன்று ஓய்வூதியர் நாளாகப் போற்றப்படுகிறது.

அரசுப் பணியில் இல்லாதோர் நிலை யாது? ஜெர்மனி 1889 ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு முதுமைக் காப்பீட்டுச் சட்டம் இயற்றியது. சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் 1962 இல் தொடங்கிற்று. 2023 இல் தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தியது. தகுதி இருந்தும் இதற்கு விண்ணப்பிக்கக் கூசுவோர் உண்டு. 'ஆதரவற்றோர்' என்னும் சொல் தம் மக்களுக்கு இழுக்காகுமே என அவர்கள் அஞ்சுகின்றனர். கரும்பு வெட்டிய கையும் வெல்லம் காய்ச்சிய கையும் இந்நாட்டுக்கு உழைத்த கைகளே அல்லவா? அவர்கள் பெறுவதை எவ்வாறு பிச்சை என்பது?

பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதை 2007 ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது. தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு பெற்றோர் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை தவறினால் செல்லாததாக்கவும் அதில் வழியுண்டு. ஆகையால், நிலத்தையோ வீட்டையோ எழுதிக் கொடுக்கும் முதியோர் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது நலம். அவ்வாறு கேட்பது பிள்ளைமீது ஐயம் கொள்வதாகாது.

மாணவர்களே, உங்களாலும் ஆவதுண்டு. தாத்தாவின் வங்கிக் கணக்குப் புத்தகத்தை அவரருகே அமர்ந்து படித்துச் சொல்லுங்கள். பாட்டியையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய வாழ்நாள் சான்றை நினைவூட்டுங்கள். "உங்களுக்கு உதவுகிறேன்" என்று சொன்னால் அவர்கள் மறுக்கக்கூடும். "இப்படிவத்தை நிரப்ப எனக்குக் கற்றுக்கொடுங்கள், தாத்தா" என்று கேளுங்கள். அவர் மகிழ்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கணவனும் மனைவியும் ஒரே கணக்கை ஒன்றாகப் பார்க்கும் அந்த நாளில், மறைத்து வைத்த கடனும் குறைத்துக்கொண்ட மருந்தும் வெளியே வரும். அதன்பின் அடுத்த திருமணத்துக்கு எவ்வளவு மொய் எழுதலாம் என்பதை இருவரும் கலந்து முடிவு செய்வர்.