மந்திரச் சொல்லும் வைத்தியச் சொல்லும்



சில வார்த்தைகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். டிப்ரெஷன் என்கிறார்கள், தெரபி என்கிறார்கள், கவுன்சலிங் என்கிறார்கள். பட்டணத்தில் படித்தவர்கள் வாயில் மாத்திரம் புழங்கிய இவ்வார்த்தைகள் இன்று கிராமத்துக்கும் வந்துவிட்டன. ஆனால் வார்த்தை வந்த அளவுக்கு அர்த்தம் வரவில்லை. அர்த்தம் தெரியாமல் உச்சரிக்கும் வார்த்தைக்கு நம் நாட்டில் மந்திரம் என்று பெயர். இவையும் மந்திரமாகிவிடுமுன் இவற்றின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒருவனுக்கு வந்த துன்பத்துக்கு நாம் வைக்கும் பெயர்தான் அவனை எங்கே கொண்டுபோவது என்பதைத் தீர்மானிக்கிறது. பேய் என்றால் பூசாரியிடம். கிரகதோஷம் என்றால் ஜோசியனிடம். கர்மபலன் என்றாலோ கிடந்து அழிய வேண்டியதுதான். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், தர்காவை அண்டித் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மனோவியாதியஸ்தர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தீ மாத்திரமா? வியாதியைப் பேய் என்று சொன்ன வாயும் சேர்ந்தே கொன்றது. கோவிலானாலும், தர்காவானாலும், மாதா கோவிலானாலும் சங்கிலிக்கு மதபேதம் கிடையாது.

இனி வார்த்தைகளுக்கு வருவோம்.

டிப்ரெஷன் என்னும் மனச்சோர்வு சாதாரணத் துக்கமன்று. பயிர் கருகினால் எவனுக்கும் துக்கம் வரும், அது வியாதியாகாது. குறைந்தது 2 வாரம், அநேகமாக நாள்தோறும், மனம் சோர்ந்தோ எதிலும் பிரியமற்றோ போய், தூக்கமும் பசியும் கெட்டு, வேலையில் புத்தி செல்லாமல், செத்தால் தேவலை என்ற எண்ணமும் தலைகாட்டுமானால் அதுவே வைத்தியம் வேண்டிய வியாதி. அவனைச் சோம்பேறி என்று ஏசுவது காய்ச்சல்காரனை ஏன் சுடுகிறாய் என்று அடிப்பதற்கு ஒப்பாகும்.

ஸ்கிசோப்ரெனியா என்ற பெயரை 1908-ல் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர் பிளாய்லர் வைத்தார். மனப்பிளவு என்பது அந்தக் கிரேக்கச் சொற்களின் பொருள். இதைக்கொண்டு ஒரு உடம்புக்குள் இரண்டு ஆள் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. பிறர் காதில் விழாத குரல் கேட்பதும், யாரோ கேடு சூழ்வதாக அசைக்க முடியாமல் நம்புவதுமே இதன் முக்கிய அடையாளங்கள். இதற்குப் பேச்சு மாத்திரம் போதாது, மருந்து வேண்டும்.

மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட். அவர் டாக்டருக்குப் படித்துப் பிறகு மனோவியாதிக்கென்றே மேலும் படித்தவர். சைக்காலஜிஸ்ட் மனோதத்துவம் படித்தவர்; மருந்து எழுதமாட்டார். கவுன்சலர் என்பவர் ஒருவன் தன் தொல்லையைத் தானே விளங்கிக்கொள்ளத் துணை நிற்பவர். போர்டு மாட்டியவரெல்லாம் படித்தவரல்லர். ஆகையால் என்ன படித்தீர், எங்கே பழகினீர் என்று கூசாமல் கேளுங்கள்.

தெரபிகளில் ஒன்றைப் பற்றி நமக்குத் தனிச் சந்தோஷம் உண்டு. அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற வைத்தியர் 1960-களில் வகுத்தது அது. நான் எதற்கும் உதவாதவன் என்று ஒருவன் சொன்னால், தைரியமாயிரு என்று தட்டிக்கொடுத்து அனுப்புவதில்லை. அதற்கு ஆதாரமென்ன, எதிர் ஆதாரம் உண்டா என்று கேட்டு, எழுதிப் பார்க்கவும் பரீட்சித்துப் பார்க்கவும் சொல்லுகிறார்கள். நாம் புராணத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வியும் இதுதானே! ஆனால் ஒன்று: புருஷனிடம் அடிபடும் பெண்ணுக்கு எண்ணத்தைத் திருத்தினால் மாத்திரம் போதாது, அடியை நிறுத்த வேண்டும். ஜாதி இழிவால் குமைகிறவனுக்கும் அப்படியே.

டிரான்ஸ்பரன்ஸ் என்றொரு வார்த்தை உண்டு. வியன்னா வைத்தியர் பிராய்டு எடுத்துக் காட்டியது. தாய் தகப்பன் மேல் கொண்ட அன்பையும், பயத்தையும், கோபத்தையும் தன்னை அறியாமலே சிகிச்சை செய்பவர் மேல் ஒருவன் ஏற்றிவிடுவதற்கு இப்பெயர். பிராய்டின் கொள்கைகளில் பல பரீட்சைக்கு நிற்கவில்லை. அவரையும் ரிஷியாக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்த ஒன்றை நம் ஜனங்கள் அவசியம் அறிய வேண்டும். ஏனெனில் சாமியார் மடத்தில் நடப்பதும் இதுவே. சாமியார் அந்த அன்பைக் காணிக்கையாகவும், காலில் விழுவதாகவும், பெண்களிடத்தில் அதைவிடக் கேடாகவும் மாற்றிக்கொள்ளுகிறான். யோக்கியமான தெரபிஸ்டோ அதை வெளிப்படையாக எடுத்துப் பேசி, தன் லாபத்துக்கு உபயோகிக்காமல், வந்தவனைச் சொந்தக் காலில் நிறுத்தி அனுப்பக் கடமைப்பட்டவர். கேட்டதை வெளியே சொல்லாததும் அவர் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. இந்தக் கடமையை மீறுகிறவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் சாமியாரே.

சட்டமும் பேச்சை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1912-ம் வருஷச் சட்டம் பைத்தியம் என்றது. 2017-ம் வருஷச் சட்டமோ மனநோயுள்ள நபர் என்கிறது. அவரைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? உங்கள் தெருவிலும் இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒருவருக்குப் பேய் பிடித்ததாகச் சொன்னால், வேப்பிலையைத் தேடுமுன் அரசாங்க ஆஸ்பத்திரியை நினையுங்கள். 14416 என்ற இலவச டெலிபோனில் தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட வேண்டியவர் நோயாளியல்லர். கட்டுகிறவரும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவருமே.