காற்றுக்கு மதிற்சுவர் உண்டோ?



இசையும் நாடகமும் கண்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பற்றிப் பேச முற்படுகிறோம். விழாவுக்கு ஒவ்வாத விஷயம் எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும், செம்பூர்வாசிகளாகிய நாம் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றைப் பற்றிச் சிந்திக்க, யாவரும் ஒன்றுகூடும் இந்நாளைக் காட்டிலும் தக்க நாள் ஏது?

நம் அண்டையிலுள்ள டிராம்பேயில் 1954-ஆம் ஆண்டு ஸ்டான்வாக் நிறுவனமும், 1955-ஆம் ஆண்டு பர்மா-ஷெல் நிறுவனமும் ஆலைகளைத் தொடங்கின. இன்று அவை முறையே ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகியவற்றின் வசம் உள்ளன. அவற்றால் விளைந்த நன்மைகளை நாம் மறுக்கவில்லை. நம் அடுப்பில் எரியும் வாயுவும், வீதியில் ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய எண்ணெயும் இத்தகைய ஆலைகள் தருபவையே. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி நடப்புக்கு வந்ததும் நல்லதே.

ஆனால், ஆலை காற்றில் கலப்பவை இருவகை. ஒன்று, புகைபோக்கி வழியே வெளிவரும் கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் ஆக்ஸைடுகள், நுண்துகள்கள் முதலியன. இவை மூச்சுக்குழலை உறுத்துகின்றன. ஆஸ்த்மா நோயாளிகளை வாட்டுகின்றன. கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, கல்லையும் உலோகத்தையுங்கூட அரிக்கிறது.

மற்றொன்று, நம் கண்ணுக்குத் தெரியாதது. சேமிப்புத் தொட்டிகளிலிருந்தும், குழாய் இணைப்புகளிலிருந்தும், டாங்கர் லாரிகளில் எண்ணெய் நிரப்பும்போதும் கசியும் ஆவி அது. பென்ஸீன், டொலுயீன் போன்றவை அதில் உள்ளன. பென்ஸீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோய் உண்டாக்க வல்லது. ஆகவேதான் 2009-ஆம் ஆண்டு நம் அரசாங்கம் வகுத்த காற்றுத் தர விதிகளில், அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. வெயிலில் இந்த ஆவிகள் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு கூடி ஓஸோனை உண்டாக்குகின்றன. அது நுரையீரலுக்கும் பயிர்பச்சைக்கும் ஒருங்கே தீங்கு. குளிர்கால இரவுகளில் காற்று அசைவற்று நிற்கும்போது, இவையெல்லாம் மேலெழ வழியின்றித் தரையருகே தங்கிவிடுகின்றன.

இதன் பலனை முதலில் அனுபவிப்பவர்கள் மாஹுல் மக்கள். அங்குள்ள கோலி மீனவர்களின் கிராமம் ஆலைகளுக்கு முற்பட்டது. பிற்காலத்தில் நகரின் பிற பகுதிகளில் வீடிழந்த ஏழைகளை, ஆலைகளுக்கு அருகே கட்டிய மாடிக் குடியிருப்புகளில் அரசினரே குடியேற்றினர். "தெரிந்தே ஏன் வந்தீர்கள்?" என்று இவ்விரு சாராரில் எவரைக் கேட்க இயலும்?

மாஹுல், அம்பாபாடா மக்களின் ஆரோக்கியத்துக்கு அங்குள்ள காற்றால் அபாயம் உண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறிற்று. தான்சா குடிநீர்க் குழாயோரத்திலிருந்து அகற்றப்பட்டோரை மாஹுலுக்குச் செல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்றும், வேறிடம் தர இயலாவிடில் மாதம் 15,000 ரூபாய் வாடகை தர வேண்டும் என்றும் மும்பை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் இழப்பீடு செலுத்தப் பணித்த நிறுவனங்களுள், சுத்திகரிப்பு ஆலைகளோடு இரசாயனத் திரவங்களைச் சேமித்து வைக்கும் நிறுவனங்களும் இருந்தன. புகைபோக்கியை மட்டும் பார்த்தாற் போதாது என்பதற்கு இதுவே சான்று.

மாஹுல் வேறு, நம் காலனி வேறு என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. வசதியுள்ளோர் வேறு பேட்டைக்குக் குடிபெயரலாம்; வாடகை கொடுக்க வகையற்றோர் எங்கே செல்வர்? தவிர, நாற்றம் நின்றுவிட்டதால் தீமையும் நின்றதென்று எண்ண வேண்டாம். மூக்குக்குப் பழகிவிடும், நுரையீரலுக்குப் பழகாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. தொட்டிகளிலும் எண்ணெய் நிரப்பும் இடங்களிலும் ஆவியைப் பிடித்து மீட்கும் கருவிகள் குறைவின்றி இயங்க வேண்டும். அளந்த கணக்கைப் பொதுமக்கள் படித்தறியும் வகையில் ஊரறிய வைக்க வேண்டும். ஆலை மதிலருகே இனியொரு குடும்பத்தையும் குடியேற்றலாகாது.

நம் பங்குக்கு, சங்க வாசகசாலையில் ஒரு குறிப்பேடு வைப்போம். நாற்றம் எழுந்த நாள், மணி, காற்று வீசிய திசை, எவருக்கு மூச்சுத் திணறிற்று என்பவற்றை அதில் எழுதுவோம். மாதந்தோறும் அதன் பிரதியை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவோம். மராத்தியரும் கோலியரும் நம்முடன் கையொப்பமிட்டால் அதற்கு வலிமை பன்மடங்காகும். பிழைப்புக்காக வந்த ஊரானாலும், நம் மக்கள் பிறந்து வளரும் ஊர் இதுவே அன்றோ!