பிரிஸ்டல் பஸ்ஸும் நம் சந்தாப் புத்தகமும்



இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில் 1963-ஆம் ஆண்டுவரை பஸ் பட்டறையில் கறுப்பருக்கும் ஆசியருக்கும் வேலை உண்டு. பஸ்ஸில் கண்டக்டராக மட்டும் ஏற முடியாது. கய் பெய்லி என்ற ஜமைக்கா வாலிபரைப் பேட்டிக்கு அழைத்த கம்பெனி, ஆள் மேற்கிந்தியர் என்றறிந்ததும் ரத்துச் செய்தது. பால் ஸ்டீபன்சன் முதலானோர் ஏப்ரல் 30-இல் பஸ் பகிஷ்காரம் தொடங்கினர். பல்கலைக்கழக மாணவர்களும் ஊர்வலம் வந்தனர். நான்கு மாதம்! ஆகஸ்டு 28-இல் கம்பெனி பணிந்தது. வெள்ளையரல்லாதாரில் முதல் கண்டக்டராக ஏறியவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.

கைதட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்தத் தடையைக் கம்பெனி மட்டுமா போட்டது? வெள்ளையரல்லாதாரை பஸ்ஸில் சேர்க்கலாகாது என்று 1955-இலேயே தீர்மானம் செய்தது அங்கிருந்த தொழிற்சங்கக் கிளை! நம்மைப்போல் சந்தா கட்டிய பாட்டாளிகள்தாம். சம்பளம் சொற்பம், புது ஆள் வந்தால் ஓவர்டைம் போய்விடும் என்ற அச்சம். அச்சங்கத்தின் வழிவந்த சங்கம் 2013-இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் மரம் வெட்டுகிறார்கள். "இவர்கள் வந்துதான் நம் கூலி கெட்டது" என்று பெரட்டில் நாமும் முணுமுணுக்கவில்லையா? அவர்கள் லயத்துக்குச் சந்தாப் புத்தகத்தோடு நம்மில் எத்தனை பேர் போனோம்?

மலாய் நன்றாகப் பேசும் கிராணிமார் இருவர் உடன்வர இசைந்திருக்கிறார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சங்க வாசலில் கூடுவோம்.