இரைப்பையும் மூளையும்

மனிதனுடைய மூளை எடையில் உடலின் 100-க்கு 2 பங்குதான். ஆயினும், நாம் ஓய்ந்திருக்கும்பொழுது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 100-க்கு 20 பங்கை அது தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதன் முக்கிய எரிபொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. இத்தனை பெரிய செலவாளியின் கணக்கு, உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும்பொழுது என்ன ஆகிறது? அந்தக் கொழுப்பைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தால், அதன் விளைவு தலைக்குள்ளும் தெரியுமா?

இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடும் சிகிச்சையை 1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்தார். சிறிது உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். பசியை ஆளும் ஹார்மோன்களின் அளவும் மாறும்.

பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சி சுவையானது. மிகப் பருத்த உடலுடைய 17 பெண்களை இச்சிகிச்சைக்கு முன்பும், 24 வாரங்கள் கழித்தும் அவர்கள் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மெலிந்த உடலுடைய பெண்கள் 16 பேர். குளுக்கோஸை ஒத்த ஒரு பொருளில் கதிரியக்கமுள்ள ஃபுளூரினைச் சேர்த்து இரத்தத்தில் செலுத்தினால், மூளையில் எவ்விடம் சர்க்கரையை மிகுதியாகக் கவர்கிறதோ அவ்விடத்தைக் கருவி படமாகக் காட்டிவிடும். (110 நிமிடத்தில் அந்தக் கதிரியக்கம் பாதியாகிவிடும், அது நெடுநாள் தங்கும் என்ற அச்சம் வேண்டா.)

பருத்தவர்களின் மூளை மந்தமாக எரியும் என்றே எண்ணத் தோன்றும். கண்டதோ அதற்கு நேர்மாறு! மூளையின் பின்புறத்தில், உள்ளே அமைந்த ஒரு பகுதி, மெலிந்தவர்களுக்கு இருந்ததைவிட மிகுதியாகச் சர்க்கரையை எரித்தது. சிகிச்சைக்குப் பின் அந்த மிகுதி மறைந்தது. அதே சமயத்தில், அவர்களுக்கு வைத்த ஒரு சோதனையில் தேர்ச்சி கூடியிருந்தது. தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடக்கும். ஒன்று, பிறகு முதல் எழுத்து, இரண்டு, பிறகு இரண்டாம் எழுத்து என்று மாறி மாறிக் கோட்டால் இணைக்க வேண்டும். மனத்தை இரு தடத்தில் ஓட்டும் திறமைக்கு இது உரைகல்.

குறைவாக எரிக்கும் மூளை நன்றாக வேலை செய்வானேன்? மசகிடாத வண்டியை இழுக்கும் மாட்டுக்கு மூச்சு மிகுதியாக வாங்குகிறது. அதனால் வண்டி விரைந்து போகிறது என்று சொல்வோமா? அதிகச் செலவு, குறையை ஈடுகட்ட மூளை படும் பாடாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். பின்லாந்திலும் 2013-இல் இதை ஒத்த முடிவு கிடைத்தது: இன்சுலின் செலுத்தியபொழுது பருத்தவர்களின் மூளை சர்க்கரையை மிகுதியாக வாங்கியது, சிகிச்சையால் உடல் மெலிந்தபின் அது தணிந்தது.

மாணவ நண்பர்களே, 17 பேர் சிறிய தொகை. ஒரே சோதனையை மறுமுறை எழுதுகிறவர் பழக்கத்தாலேயே தேறுவதுண்டு என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஆதலால்தான் 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சிக்கு என் மதிப்பில் தனி இடம் உண்டு. அதில் சிகிச்சை பெற்ற 109 பேரோடு, சிகிச்சை பெறாத பருத்தவர்கள் 41 பேரையும் சோதித்தார்கள். 12 வாரங்களில் நினைவாற்றல் தேறியவர்கள் சிகிச்சை பெற்றவர்களே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குளுக்கோஸை மூளை எரிப்பதற்குத் தயமின் என்னும் வைட்டமின் இன்றியமையாதது. அரிசித் தவிட்டில் நிறைந்திருப்பது அதுதான். உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் வாராது. சிகிச்சைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவர்களுக்கு அது தீர்ந்துபோகும். பார்வை இரட்டும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். களைத்துக் கிடக்கிறாரே என்று அப்பொழுது வெறும் குளுக்கோஸை ஏற்றினால், எஞ்சிய தயமினும் செலவாகி மூளையின் கேடு முற்றிவிடும். ஆகவே மருத்துவர்கள் முதலில் தயமின் ஊசியைப் போட்டுவிட்டு, அதன்பிறகே குளுக்கோஸைக் கையில் எடுக்கிறார்கள்.