ஸ்காட்லாந்தின் வடபகுதியில் நான்கு நாட்கள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2023 ஜூன் மாதம் எடின்பரோவில் இருக்கும் எங்கள் பெண் வீட்டிலிருந்து நானும் என் மனைவியும் ஒரு கோச் டூரில் ஸ்காட்லாந்தின் வடபகுதிக்குப் போய்வந்தோம். மூன்று இரவு, நான்கு பகல். அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பார்த்த இடங்களின் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. அந்த இடங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் கோச்சைப் பற்றி. முப்பது பேர் இருந்தோம். ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டியாக ஒரு பெண்மணி. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஓட்டிய நேரத்தை வண்டியில் உள்ள ஒரு கருவி பதிவு செய்துகொண்டே இருக்கிறது. "சட்டப்படி அவருக்கு ஓய்வு, நமக்குக் காப்பி" என்று வழிகாட்டி அம்மாள் சிரித்துக்கொண்டே அறிவிப்பார். அரசாங்கத்தில் 36 வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், ஒரு விதி காகிதத்தில் இருப்பதோடு நில்லாமல் நடப்பிலும் இருப்பதைப் பார்க்க எனக்குப் பரம சந்தோஷம்.

எடின்பரோவிலிருந்து வடக்கே புறப்பட்டால் ஃபோர்த் முகத்துவாரத்தில் மூன்று பாலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1890-ல் திறந்த ரயில் பாலம், 1964-ல் திறந்த சாலைப் பாலம், 2017-ல் திறந்த புதிய பாலம். மூன்று நூற்றாண்டுகளின் இன்ஜினீயரிங்கை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். மதியம் பிட்லாக்ரி என்ற சிற்றூர். அங்கே நீர்மின் திட்டத்துக்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டியபோது, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறிவரும் சால்மன் மீன்களுக்கு வழி அடைபட்டுவிடுமே என்று, படிப்படியாக 34 தொட்டிகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மீன்கள் ஒவ்வொரு தொட்டியாக ஏறி மேலே போகின்றன.

மாலையில் இன்வர்னெஸ். நம் நாக்பூர் 21 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அந்த ஊர் ஏறக்குறைய 57½ டிகிரி. பூமியின் அச்சு 23½ டிகிரி சாய்ந்திருப்பதால் ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிக்க இரவு பத்து மணிக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். ஆனால் எந்த நேரத்துக்கு விளக்கேற்றுவது என்று என் மனைவி கடிகாரத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இன்வர்னெஸ்ஸுக்குப் பக்கத்தில் கலோடன் போர்க்களம் இருக்கிறது. 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி நடந்த அந்த யுத்தம் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. மலைநாட்டுக் குலத்தார் பெரும்பாலும் இருந்த படை அரசாங்கப் படையிடம் தோற்றது. தோற்றவர்களின் ஆயுதம் பறிக்கப்பட்டது. கட்டம் போட்ட அவர்களுடைய பாரம்பரிய உடைக்கும் தடை. அந்தத் தடை 1782 வரை நீடித்தது. குலத்தலைவன் தன் ஜனங்களைப் பிள்ளைகளைப்போல் காப்பதும், அவர்கள் அவனுக்காகப் போருக்குப் போவதும் என்றிருந்த பழைய ஏற்பாடு இதற்குப்பின் வேகமாகக் குலைந்தது. தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பார்த்ததற்கெல்லாம் இதுதான் ஆரம்பம்.

இரண்டாம் நாள் காலை இன்னும் வடக்கே போனோம். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வழிகாட்டி அம்மாள் எங்களைப் பார்த்து, "இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இடதுபுறம் பாருங்கள், உங்கள் ஊர் வாசல் வருகிறது" என்றார். ஒரு குன்றின் உச்சியில் வளைவுகளோடு ஒரு கல்கட்டடம் தெரிந்தது. அதன் பெயர் ஃபைரிஷ் நினைவுச்சின்னம். அது நாகப்பட்டினக் கோட்டையின் வாசலைப்போல் கட்டப்பட்டது என்றார். என் மனைவிக்குப் பிறந்தகம் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான். "ஏன்னா, நம்மூர் வாசல் இங்கே எதுக்கு வந்தது?" என்றாள்.

வந்த கதை இதுதான். பக்ஸார் யுத்தத்தை 1764-ல் ஜெயித்த ஹெக்டர் மன்ரோ இந்தச் சீமைக்காரர். 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் அவர்தான். அந்த வெற்றியின் ஞாபகமாக இந்த வாசலைக் கட்டுவித்தார். உள்ளூரில் வேலையின்றித் தவித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவும் கட்டினார் என்கிறார்கள். வேலை நாட்கள் கூடட்டும் என்று கற்களைக் குன்றிலிருந்து உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்றுகூட ஒரு கதை உண்டு.

அந்த ஜனங்களுக்கு ஏன் வேலை இல்லாமல் போயிற்று? அந்தக் காலத்தில் கம்பளி விலை ஏறிக்கொண்டிருந்தது. நூறு குடியானவர்கள் தரும் குத்தகையைவிட ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தரும் குத்தகை அதிகம் என்று நிலச்சுவான்தார்கள் கணக்குப் போட்டார்கள். உள்ளே பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக உழுதுகொண்டிருந்தவர்களைக் கிளப்பிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள், அல்லது கப்பலேற்றினார்கள். சரித்திரத்தில் இதற்குக் 'கிளியரன்ஸ்' என்று பெயர். காலி செய்தல் என்று பச்சையாகச் சொல்லலாம்.

சதர்லாந்து சீமையில் இது பெரிய அளவில் நடந்தது. 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதை நடத்திய காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் மீது 1816-ல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. காலி செய்த நிலத்தில் ஆட்டுப் பண்ணை வைத்தவரும் அவரேதான்.

இந்தச் சீமைப் பிரபுவின் மாளிகை டன்ராபின். 189 அறைகள். பின்னால் உள்ள குன்றின் மேல் முதல் சதர்லாந்து ட்யூக்கின் பெரிய சிலை இருக்கிறது, 1837-ல் வைத்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே ஹெல்ம்ஸ்டேல் என்ற மீன்பிடி ஊரில் 2007-ல் வைத்த வேறொரு சிலையைப் பார்த்தோம். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகிறது. புருஷன் முன்னே பார்க்கிறான். பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். கைக்குழந்தையை வைத்திருக்கும் அம்மா மட்டும் திரும்பி ஊரைப் பார்க்கிறாள். அங்கிருந்து போனவர்களில் பலர் கனடாவில் குடியேறினார்கள். இதே சிலையின் இரட்டை அங்கே வின்னிபெக் நகரில் இருக்கிறது.

அதுவரை ஜன்னல் வழியே "ஆஹா, எவ்வளவு அமைதி, ஒரு வீடுகூட இல்லையே" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் அதன்பிறகு சற்று வேறு மாதிரிப் பார்த்தோம். பல இடங்களில் அந்த அமைதி இயற்கை கொடுத்ததல்ல. மனிதர்களைக் கிளப்பியதால் வந்தது.

இதில் நமக்குத் தெரிந்த இன்னொருவரும் வருகிறார். சென்னையில் கூவம் கடலில் சேரும் இடத்தில் நேப்பியர் பாலத்தைத் தாண்டாதவர்கள் இங்கே குறைவு. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு நேப்பியர் மியூசியம் தெரியும். 1866 முதல் 1872 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த அதே நேப்பியர் பிரபுதான், 1883-ல் இந்த மலைநாட்டுக் குடியானவர்களின் குறைகளை விசாரித்த கமிஷனுக்குத் தலைவர். ஊர் ஊராகப் போய் ஏழை ஜனங்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். அவருடைய சிபாரிசுகள் அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனாலும் அந்த விசாரணையைத் தொடர்ந்து 1886-ல் சட்டம் வந்தது. நியாயமான குத்தகை, இஷ்டப்படி வெளியேற்ற முடியாத உரிமை, வாரிசுக்கு விட்டுப்போகும் உரிமை எல்லாம் கிடைத்தன. ஸ்ட்ராத்நேவரில் கூரை எரிந்து 72 வருஷம் கழித்து!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். நம்மில் பலர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள். 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும், 1955-ல் சென்னை மாகாணத்தில் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு நஷ்டமாகத்தான் பேசிக் கேட்டிருக்கிறோம். நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது நஷ்டம்தான். உழுதவனுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சதர்லாந்து அதைக் காட்டுகிறது. நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள்தான். ஆனால் படிப்பும் உத்தியோகமும் தேடி, ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தோம். யாரும் நம் கூரையில் நெருப்பு வைக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாம் நாள் லாக் நெஸ் ஏரி. பிராணியைத் தேட வேண்டாம், ஏரியே அதிசயம்தான். நீளம் ஏறக்குறைய 37 கிலோமீட்டர், ஆழம் சுமார் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகள் எல்லாவற்றின் தண்ணீரையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. பூமியின் மேலோட்டில் உள்ள ஒரு பழைய பிளவைப் பனிப்பாறைகள் மேலும் குடைந்ததால் உண்டானது. அதே பிளவு வழியே தாமஸ் டெல்ஃபோர்ட் ஒரு கால்வாய் வெட்டி, 1822-ல் திறந்தார்கள். கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்க 29 மதகுத் தொட்டிகள். ஜனங்கள் நாட்டைவிட்டுப் போகாமலிருக்க வேலை கொடுப்பதும் அந்தக் கால்வாயின் ஒரு நோக்கம்.

அன்றிரவு ஃபோர்ட் வில்லியம். பக்கத்தில் பென் நெவிஸ், 1345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமான சிகரம். முன்பு உச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. 1894-ல் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் அங்கே சில நாட்கள் தங்கி, மேகத்தின் மேல் சூரிய ஒளி விழுந்து உண்டாகும் வண்ண வளையங்களைப் பார்த்தார். அதைச் சோதனைச் சாலையில் உண்டாக்கப் போய், அணுத்துகள்களின் பாதையைக் கண்ணுக்குக் காட்டும் 'க்ளௌட் சேம்பர்' பிறந்தது. 1927-ல் நோபல் பரிசும் வந்தது. பி.எஸ்ஸி. பௌதிகத்தில் நான் மனப்பாடம் செய்த பாடம் இந்த மலையில் ஆரம்பித்தது என்று தெரிந்தபோது தூறலில் நனைந்ததுகூடத் தெரியவில்லை.

நான்காம் நாள் க்ளென்கோ பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பினோம். 1692 பிப்ரவரியில், பன்னிரண்டு நாள் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கிச் சாப்பிட்ட சிப்பாய்கள், மேலிடத்து உத்தரவின் பேரில் விடியற்காலையில் தங்களுக்குச் சோறு போட்டவர்களைக் கொன்ற இடம். சுமார் 38 பேர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

அங்கே சாலைப் பலகைகள் பலவற்றில் ஆங்கிலத்தோடு கெய்லிக் மொழியும் இருக்கிறது. ஆனால் காலி செய்யப்பட்டுக் கடற்கரைக்கு வந்தவர்களின் சந்ததியார் கிழக்குச் சதர்லாந்தில் பேசிவந்த கெய்லிக் பேச்சுவழக்கு நம் காலத்தில்தான் மறைந்தது. பலகையில் எழுதினால் மட்டும் பாஷை நிற்காது, வீட்டில் பேச வேண்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்போது குழந்தைகளைவிட நாற்காலிகள் அதிகம். பெற்றோர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜூனிலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவசியம். 'மிட்ஜ்' என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கொசு. கூட்டமாக வந்து பிடுங்கும், அதற்கான மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் பெண் கட்டிக்கொடுத்த புளியோதரை முதல் நாள் மதியத்தோடு தீர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதியும் அதற்கு ஒரு காரணம். முழங்கால் வலி உள்ளவர்கள் முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நாகப்பட்டின வாசல் மேலாக வைத்திருக்கிறேன். காப்பி சாப்பிடும்போது பார்க்கலாம்.