பேரிகையில் நின்று பார்த்தால் கிருஷ்ணகிரி



மாவட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் தலைநகரில் தொடங்கி எல்லையில் முடிப்பதுதான் வழக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அந்த வழக்கம் சரிப்படாது. அதன் போக்கு புரிய வேண்டுமானால் வடக்கு ஓரத்துக்குப் போய்ப் பேரிகையில் நிற்க வேண்டும். சூளகிரி வட்டத்து ஊர் இது. மேற்கே பாகலூர், தெற்கே சூளகிரி. வடக்கே கொஞ்சம் போனால் கர்நாடக எல்லை, அதையும் தாண்டினால் ஓடு, செங்கலுக்குப் பேர்போன மாலூர். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பெங்களூரோ காலையில் போய் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம்.

இந்தப் பக்கத்து டீக்கடை எதிலாவது கால் மணி நேரம் நின்று பாருங்கள். பக்கத்தில் இருப்பவரோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பவர், கடைக்காரரிடம் தமிழில் டீ கேட்பார். அதற்குள் போன் அடிக்கும். மாலூர்ப் பக்கத்து மண்டிக்காரரிடம் "ரேட் எஷ்டு?" என்று கன்னடத்தில் விலை விசாரிப்பார். மூன்று மொழி பேசுவதை இங்கே யாரும் திறமையாக நினைப்பதில்லை. 1956இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது இந்தப் பக்கத்தையும் உள்ளடக்கியிருந்த ஓசூர் வட்டம் சென்னை மாநிலத்திலேயே நின்றது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியபோது அதன் பாரத்தை முதலில் உணர்ந்தவர்கள் இப்படிப்பட்ட எல்லையோரத்துப் பிள்ளைகள்தான். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு மொழி ஒன்று, சந்தை மொழி ஒன்று என்றிருக்கிற இடத்தில் பாட மொழியும் ஒன்று சேர்கிறது. அதற்குக் கூடுதலாக வாத்தியார் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊர் எப்போது யாருடைய கணக்கில் இருந்தது என்பது தனிக் கதை. பேரிகை, பாகலூர், சூளகிரி எல்லாம் பாளையங்களாக இருந்தவை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் மலைக்குக் கீழேயிருக்கும் பாரமகால் பகுதியை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அதோடு போயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார், உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையின் முதல் பாடங்கள் அந்தக் காட்டிலும் மேட்டிலும்தான் படிக்கப்பட்டன. ஆனால் மலைக்கு மேலிருக்கும் ஓசூர்ப் பக்கம், அன்றைய பேச்சில் பாலாகாட், மைசூரோடேயே இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் அது ஆங்கிலேயக் கும்பினிக்கு வந்தது. அப்படிப் பார்த்தால் இன்று ஒரே மாவட்டமாக இருக்கிற நிலம் ஏழாண்டுக் காலம் இரண்டு எதிரி அரசுகளுக்குள் பிரிந்து கிடந்திருக்கிறது. பிறகு எல்லாம் சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18 லட்சத்து 79 ஆயிரம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்குப் பக்கத்து ஊர்தான். அவரே சேலத்துக்காரராக அறியப்பட்டாரே தவிர ஓசூர்க்காரராக அல்ல!

ஓசூரின் முகம் மாறியது 1970களில், சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது. பின்தங்கிய பகுதி என்று அரசு சலுகை தந்தது. பெங்களூரு பக்கத்திலிருந்தது, மூவாயிரம் அடி உயரத்துக் குளிர்ச்சியும் இருந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

பேரிகைப் பக்கம் இன்னும் மண்ணை நம்பித்தான் இருக்கிறது. செம்மண், ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர்க் குழாய். தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய், பீன்ஸ். சூளகிரியில் கொத்தமல்லிக்கென்றே சந்தை உண்டு. நாற்பது நாளில் பறித்துவிடலாம், அதனால் எல்லாரும் விதைப்பார்கள். எல்லாரும் விதைத்ததால் சில வாரம் பறிகூலிகூடத் தேறாது, கட்டுக் கட்டாக மாட்டுக்குப் போகும். அடுத்த வாரமே விலை ஏறும், அப்போது யாரிடமும் தழை இருக்காது.

ரோஜா வேறு விதமான சூதாட்டம். பிப்ரவரி 14 காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரிலேயே கவாத்து செய்ய வேண்டும். பசுமைக்குடிலுக்குள் பெண்கள் வரிசையாகப் போய் மொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வலைக்குல்லாய் மாட்டுவார்கள். இதழ் விரியாமல் மொட்டு பெருக்க வேண்டும், அதற்காக. காம்பு நீளத்துக்கு ஒரு விலை. பனி அதிகமானால் பூ பிந்தும், வெயில் முந்தினால் பூ முந்தும். பதினைந்தாம் தேதி மலர்கிற பூவை மாலை கட்டுகிறவரிடம் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

அதே டிசம்பரில் கேழ்வரகு அறுப்புக்கு வரும், யானையும் வரும். பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டமாக வந்து சானமாவு காட்டில் தங்கும். இரவில் தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து சூளகிரிப் பக்கத்துக் கொல்லைகளுக்கு இறங்கும். யானைக்கு மாநில எல்லை தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் களத்தில் பரண் கட்டிக் காவல் காத்தவருக்கு அது பதில் ஆகாது.

தண்ணீரும் எல்லை தாண்டித்தான் வருகிறது. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக் கழிவையும் சுமந்து வந்து கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோளில் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு போட்ட மனுவை 2019இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இப்போது விமான நிலையம். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்துபோகும் அளவில் கட்டப்போவதாக 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இடம் தேடிய பார்வை பேரிகைக்கும் பாகலூருக்கும் நடுவே வந்து நின்றிருக்கிறது. பெங்களூரு விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு பெரிய விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் ஒரு பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம் உத்தனப்பள்ளியின் நினைவு. அங்கே சிப்காட்டுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். நிலம் வைத்திருப்பவர் ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று கேட்கிறார். குத்தகைக்கு உழுபவர் அடுத்த போகத்துக்குத் தக்காளி நாற்றுக்கு முன்பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்.