துப்பாக்கியின் வாயும் நம் காதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது சாப்பாடு என்பதால் ஒன்பதிலேயே முடித்துவிடுகிறேன்.

நம்மில் பலர் த்ரீ-நாட்-த்ரீ சுட்டவர்கள். தோள்பட்டை ரெண்டு நாள் வலித்ததை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த உதை எங்கிருந்து வருகிறது? தோட்டா முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். நியூட்டனின் மூன்றாம் விதி. ஆனால் முன்னே போவது தோட்டா மட்டுமல்ல. ராணுவத்தில் புழங்கும் 7.62 மி.மீ. தோட்டா சுமார் 9.5 கிராம். அதைத் தள்ளும் மருந்து சுமார் 3 கிராம். அது எரிந்து வாயுவாகி, தோட்டாவை விட வேகமாய்க் குழலை விட்டுப் பாய்கிறது. உதையில் கணிசமான பங்கு இதனுடையது.

இந்த வாயுவிடம் வேலை வாங்குவதுதான் 'மஸில் பிரேக்'. குழல் முனையில் மாட்டும் சிறு உருளை, பக்கவாட்டில் துளைகள். வாயு நேரே போகாமல் பக்கத்திலும் பின்னாலும் திரும்பும்போது துப்பாக்கியை முன்னே இழுக்கிறது. உதை மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி கூடக் குறையும். பீரங்கிகளின் முனையில் கொண்டை மாதிரி தெரியுமே, அதுவும் இதுதான். (சினிமா வில்லன் மாட்டுகிற சைலன்சர் வேறு சமாச்சாரம். அது சத்தத்தைக் குறைக்கும், இது கூட்டும்.)

தோள் தப்பித்தது; அடி காதுக்குப் போனது. வாயுவோடு சத்தமும் பின்னால் திரும்புகிறதே! பிரேக் மாட்டினால் சுடுபவர் காதில் 5 முதல் 10 டெசிபல் வரை கூடலாம். 'பத்துதானே' என்று நினைக்காதீர்கள். மடக்கைக் கணக்கு மறந்துபோன நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. பக்கத்து இடத்தில் படுத்துச் சுடுகிறவன் பாடு இன்னும் மோசம். மேலே தகரக் கூரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெடிச் சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையாக 140 டெசிபலைத்தான் வைத்திருக்கிறார்கள். பெரிய ரைபிள்கள் பிரேக் இல்லாமலே அதைத் தாண்டிவிடும். நம் காதுக்குள் சத்தத்தைத் தடுக்கும் குட்டித் தசை ஒன்று உண்டு. ஆனால் அது இறுகுவதற்குள் வெடி வந்து போய்விடும். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். சத்தம் கேட்கும், சொல் புரியாது. 'தட்டு' என்றால் 'பட்டு' என்று விழும். வீட்டில் மனைவியின் பேச்சு மட்டும் கேட்காமல் போவதை எல்லாரும் வேண்டுமென்றே செய்வதாக நினைக்காதீர்கள்! வலக்கையால் சுடுபவருக்கு இடது காதுதான் முனைக்குப் பக்கம். வழக்கமாக அதுதான் முதலில் கெடும். அதோடு ராத்திரி முழுக்க 'ஙொய்' என்ற இரைச்சல். அதை அடியோடு நிறுத்த மருந்து இல்லை. காது வைத்தியன் நானே சொல்கிறேன்.

தம்பிகளே, நீங்கள் சுடும் பாயிண்ட் டூ-டூ ரைபிளில் மருந்து கொஞ்சம்தான். அதற்குப் பிரேக்கால் பெரிய பலனில்லை. ஆனால் சத்தம் 140-ஐ ஒட்டி வரும். பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்று எந்த சீனியர் சொன்னாலும் கேட்காதீங்க. நுரை அடைப்பானை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் பிரயோஜனமில்லை. பிரேக் உள்ள துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் அதன் மேல் காதுமூடியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கூடுதலாய்க் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான், ஆனாலும் அது தேவை. கண்ணாடி போட்டவர்கள் கவனிக்கணும்: காம்பு இடுக்கில் சத்தம் நுழையும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு சங்க நிதியில் என்.சி.சி. அறைக்கு இருபது காதுமூடிகளும் ஒரு பெட்டி நுரை அடைப்பான்களும் வாங்க வேண்டும். பொருளாளர் சிரிக்கிறார். பாதிப் பணம் என்னுடையது. மீதிக்கு, சாப்பாட்டுப் பந்தியிலேயே நோட்டோடு வருகிறேன்.